116 ஏக்கரில் மிச்சம் எவ்வளவு?

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, மைக்கும் நாற்காலியும் தந்து உதவிய வணிகர் சங்க அன்பர்களே, நூலகர் ஐயா அவர்களே, பெரியமேட்டுத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் பிறந்த கதை. 1886 டிசம்பர் 31 அன்று அங்கே நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்ட துயரம். அங்கிருந்த 11 குளங்கள்.

1859இல் கவர்னர் டிரவெல்யன் திட்டமிட்ட பூங்கா அது. 116 ஏக்கர். பேண்டு வாசிக்க மேடை, டென்னிஸ் மைதானம் எல்லாம் இருந்தன. ஆனால் கூட்டத்தை இழுத்தது மிருகங்கள்தான். எழும்பூர் மியூசியத்தைப் பார்த்துக்கொண்ட டாக்டர் பால்ஃபர், பூங்கா வருவதற்கு முன்பே அந்த மியூசியத்தில் உயிருள்ள ஒரு சிவிங்கிப்புலியையும் புலிக்குட்டியையும் வைத்திருந்தார். கல்லையும் எலும்பையும் பார்க்க வராத ஜனம் புலியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் திரண்டது! விடுவாரா மனுஷன்? கர்நாடக நவாபிடம், அதாவது ஆற்காட்டு நவாபிடம், பேசி அவர் வளர்த்த மிருகங்களையும் கேட்டு வாங்கிவிட்டார். ஒரே வருடத்தில் 300 உயிர்களுக்கு மேல். சரி, மியூசியத்தில் இடம் போதுமா? 1860களில் அவை நம் பூங்காவுக்கு வந்தன. அப்புறம் மெட்ராஸ்காரர்களுக்கு மியூசியம் ‘செத்த காலேஜ்’, மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. இங்கே கைதட்டுகிற பெரியவர்கள் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவர்கள், எனக்குத் தெரியும். அந்த உயிர் காலேஜும் வண்டலூருக்குப் போய்விட்டது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். 1888இல் விக்டோரியா பப்ளிக் ஹால், 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை, பிறகு ஸ்டேடியம். ஒவ்வொன்றும் ஊருக்கு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பூங்காதான் இடம் கொடுத்தது. இன்று மரமும் நிழலுமாக மிஞ்சியிருப்பது மை லேடிஸ் பூங்கா. அதில் இனி ஒரு சதுர அடியும் போகக் கூடாது.

தீ விபத்தையும் குளங்களையும் சொல்ல நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அம்மையார் அவர்களிடம் இரண்டே கோரிக்கை. பூங்காவை அளந்து எல்லைக்கல் நடுங்கள். அந்த வரைபடத்தை வாசலிலேயே மாட்டுங்கள், கூடவே பழைய 116 ஏக்கர் வரைபடத்தையும். கூடவே 1886இல் இறந்தவர்களுக்கு ஒரு கல்வெட்டு வைத்தால் இன்னும் நன்றி சொல்வோம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றேன் அல்லவா? மனு மேல் மனுவாக நாங்களும் ஊர்ந்துகொண்டே இருப்போம். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.