வேலியிடமே புகார் கொடுப்பதா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சர்வதேசக் குற்றவியல் நீதிக்குத் தன்னார்வ அமைப்புகள் துணையா, தொல்லையா என்பது கேள்வி. துணைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

"இவர்களுக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்?" என்று கேட்டு எதிரணித் தலைவர் நிறையக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டார். அந்தக் கேள்வியை ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுக்கு எடுத்துச் செல்வோம். 1982 முதல் 1990 வரை அங்கே ஹிசேன் ஹாப்ரேயின் ஆட்சி. பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தது அரசின் சொந்த உளவுப் போலீஸ். வேலியே பயிரை மேய்ந்த ஊரில், வேலியிடமே போய்ப் புகார் கொடுக்கச் சொல்கிறாரா நண்பர்?

அங்கே புகாரைத் தயாரித்தவர் ஒரு கைதி. சுலைமான் கெங்கெங் என்று பெயர். சிறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர், தன்னைப் போலப் பிழைத்தவர்களைத் தேடித் தேடி 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். மிரட்டல் வந்ததும் அந்தத் தாள்களை ஒளித்து வைத்தார். பல ஆண்டுகள், நடுவர் அவர்களே! கேட்க ஒரு நீதிமன்றம் கிடைக்குமா என்றே தெரியாமல்.

2000இல் பாதிக்கப்பட்டோர் சங்கமும் மனித உரிமை அமைப்புகளும் அந்தத் தாள்களோடு, ஹாப்ரே தஞ்சம் புகுந்திருந்த செனகல் நாட்டின் நீதிமன்றத்துக்குப் போயின. மறு ஆண்டு, சாட்டில் கைவிடப்பட்டுக் கிடந்த உளவுப் போலீஸ் தலைமையகத்துக்குள் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் குழுவினர் நுழைந்தபோது, காலடியில் கோப்புகள் சிதறிக் கிடந்தன. காவலில் இறந்த 1,208 பேரின் பெயர்கள் அவற்றில் இருந்தன. கொன்றவர்களே எழுதி வைத்த கணக்கு அது! செனகல் தலைநகர் டாக்கரில் ஹாப்ரேக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2016 மே 30இல். இந்தப் பதினாறு ஆண்டுகளில் அரசுகள் ஒத்திப்போட்டன, தட்டிக் கழித்தன. வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் ஓட்டு வாங்கியவர்கள் அல்லர்.

சட்டத்தைக் கேட்கிறீர்களா? சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைக்க 1994இல் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் எழுதிய வரைவில், தானே விசாரணையைத் தொடங்கும் அதிகாரம் வழக்குத்தொடுநருக்கு இல்லை. அந்த நீதிமன்றத்துக்கான சட்டத்தை இறுதி செய்ய 1998இல் ரோமில் நடந்த மாநாட்டில், அந்த அதிகாரத்துக்காக நாடுகளின் பிரதிநிதிகளை விரட்டி விரட்டிப் பேசியவை இந்த அமைப்புகள். அவற்றிடமிருந்தும் தகவல் கேட்கலாம் என்று ரோம் சட்டத்தின் 15ஆம் பிரிவு பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. அழையா விருந்தாளி என்று இனியும் சொல்ல வேண்டாம்.

எதிரணியின் உண்மையான ஆயுதம், சிறாரைப் படையில் சேர்த்த காங்கோ ஆயுதக் குழுத் தலைவர் லுபாங்கா மீதான வழக்கு. அதற்குப் பதில் சொல்லாமல் போனால் நான் கோழை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் அந்த முதல் வழக்கில், தன்னார்வ அமைப்பினர் உட்பட உள்ளூர் இடைத்தரகர்கள் மூலம் வந்த சிறார் சாட்சிகள் பலரை நீதிபதிகள் நம்பவில்லை. அது பெரிய தவறு; மறைக்க மாட்டேன். ஆனால் நீதிபதிகள் யாரைக் கண்டித்தார்கள் என்பதை நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். விசாரணைப் பொறுப்பையே இடைத்தரகர்களிடம் விட்டிருக்கக் கூடாது என்று வழக்குத்தொடுநர் அலுவலகத்தைத்தான் கண்டித்தார்கள். திரட்டித் தருவது ஒருவர் வேலை, சரிபார்ப்பது இன்னொருவர் வேலை. சரிபார்க்க வேண்டியவர் தூங்கியதற்கு, திரட்டித் தந்தவர்கள் அனைவரையும் ஊரைவிட்டு விரட்டச் சொல்கிறார் நண்பர். லுபாங்கா விடுதலையாகிவிடவும் இல்லை. வேறு சான்றுகள் நின்றன, 14 ஆண்டுச் சிறை கிடைத்தது.

மணி அடித்துவிட்டீர்கள். ருவாண்டா இனப்படுகொலை தொடர்பான அகயேசு என்ற மேயர் மீதான வழக்கில் பாலியல் வன்முறையைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கச் சொல்லி மகளிர் அமைப்புகள் போராடிய கதையை என் அணியின் அடுத்த பேச்சாளர் சொல்வார். நன்றி, நடுவர் அவர்களே.