வேலியோரத்தில் நாய், வேலியைப் பற்றிச் சந்தேகம்: ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறைக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் அனுப்பிய கேள்வி அது. அவருடைய தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே, அவருடைய மாமனார் காலத்திலிருந்து கிளுவை வேலி ஒன்று இருந்திருக்கிறது. சென்ற ஆண்டு பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதை வெட்டி எடுத்துவிட்டு, கல்கால் நட்டுக் கம்பிவலை கட்டியிருக்கிறார். கட்டும்போது மூன்றடி வரை உள்ளே வந்துவிட்டார் என்று இவர் நினைக்கிறார். வேலி முடிந்த கையோடு இரண்டு நாய்களைக் கொண்டுவந்து அந்த வேலியோரத்திலேயே கட்டிவிட்டார். அவை இரவெல்லாம் குரைக்கின்றன. காவல் நிலையத்தில் மனுக் கொடுத்ததற்கு, "இது சிவில் விவகாரம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி எங்கே போவது என்று கேட்கிறார்.

இதில் புதிதாக எதுவும் இல்லை; மாதத்துக்குப் பத்துப் பேராவது இதே கதையை எழுதுகிறார்கள். ஆனால் இந்த அம்மையார் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "அவர் வேலியை நகர்த்தினாரா, அல்லது பழைய வேலியே சரியான இடத்தில் இல்லையா என்பதும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது." நில அளவைத் துறையில் வேலை பார்த்த காலம் முழுவதும் இப்படி ஒரு மனுவை நான் படித்ததில்லை. மனுக்களில் எல்லாரும் ஆக்கிரமிப்பைத்தான் எழுதுவார்கள், சந்தேகத்தை எழுதமாட்டார்கள். அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கேள்வியை எடுத்தேன்.

வேலி வேறு, எல்லை வேறு என்று நான் சொல்லிச் சொல்லிக் கேட்டு அலுத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மறுபடியும் சொல்லத்தான் போகிறேன், ஏனென்றால் இந்த வழக்கில் அதற்குத் தனி அழுத்தம் இருக்கிறது. கிளுவை வேலி உயிர்வேலி. போத்து வெட்டி வரிசையாக ஊன்றிய நாளில் அது ஒரு கோடு. முப்பது, நாற்பது ஆண்டுகள் போனால் நான்கைந்து அடி அகலத்துக்குப் புதராகிவிடும். ஒரு பக்கத்துக்காரர் ஆண்டுதோறும் கவாத்துச் செய்து, வேலியடி வரைக்கும் ஏர் ஓட்டுவார். மறுபக்கத்துக்காரர் கவனிக்காமல் விட்டுவிடுவார். கவனிக்காத பக்கமாகவே வேலி படரும். அதன் பிறகு வேலியின் நடு எது என்று கேட்டால் ஊன்றியவரே வந்து நின்றாலும் சொல்ல முடியாது. அந்த அம்மையார் நினைக்கும் மூன்றடி, உண்மையிலேயே பறிபோன மூன்றடியாகவும் இருக்கலாம். பழைய புதரின் பாதி அகலமாகவும் இருக்கலாம்.

நான் பணியில் இருந்தபோது ஒரு தோட்டத்தை அளக்கப் போயிருந்தோம். மனுதாரர் முப்பது வயதுக்காரர். பக்கத்துக்காரர் தம் நிலத்தைத் தின்றுவிட்டார் என்று கொதித்துப்போய் நின்றார். நில அளவுகளைக் காட்டும் புலப்படத்தை விரித்து, சந்தேகத்துக்கு இடமில்லாத மூன்று எல்லைக் கற்களை முதலில் பிடித்து, அவற்றுக்கிடையே உள்ள தூரம் படத்தில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒத்துவருகிறதா என்று சரிபார்த்துக்கொண்டு, அங்கிருந்து காணாமல்போன கல்லின் இடத்தைக் குறித்தோம். குறித்த இடம் வேலிக்கு அந்தப் பக்கம் இல்லை. மனுதாரர் வாழைக்கன்று வைத்திருந்த வரிசையில் இரண்டடி உள்ளே வந்து நின்றது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடப்பாரையால் தோண்டச் சொன்னோம். ஒரு முழ ஆழத்தில் கடப்பாரை கல்லில் பட்டு ஒலித்தது. களத்து ஓரமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பா, "கல்லு அங்கதானுங்க இருக்கும், எனக்குத் தெரியும்" என்றார். அப்படியானால் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் என்னைக் கேக்கலீங்களே" என்றார். வேலியை ஊன்றியவரே அவர்தான்.

ஆகவே அந்த அம்மையாருக்கு முதல் வேலை, வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களைத் தனியே உட்கார வைத்துக் கேட்பது. இரண்டாவது வேலை, காகிதம். பட்டாவையும் புலப்படத்தையும், அதாவது எல்லாரும் எஃப்.எம்.பி. என்று சொல்கிறோமே அதையும், அரசின் இணையதளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அச்சிட்ட படத்தின் மேல் அடிக்கோலை வைத்து அளக்க வேண்டாம். அச்சிடும்போது அளவு மாறிவிடும். கோட்டின் மேல் எழுதியிருக்கும் மீட்டர் எண்களை மட்டுமே நம்ப வேண்டும். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லையில் நடந்து பார்த்து, நான்கடி போய்விட்டது என்று எனக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பும் நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன்: கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் வரை பிசகும். மூன்றடித் தகராறை அதை வைத்துத் தீர்க்க முடியாது.

அடுத்து கிரயப் பத்திரத்தில் செக்குபந்தியை, அதாவது நான்கெல்லை விவரத்தை, வாசித்துப் பார்க்க வேண்டும். செக்குபந்தி பற்றித் தனியாக ஒரு பகுதியே பேசியிருக்கிறேன், அதனால் இங்கே ஒன்று மட்டும். "இன்னார் தோட்டத்துக்கு மேற்கு" என்று எழுதியிருந்தால் வேலி எங்கே இருந்தாலும் கவலை இல்லை. "கிளுவை வேலிக்கு மேற்கு" என்று எழுதியிருந்தால், நான் இவ்வளவு நேரம் சொன்னதற்கு அது விலக்கு. அந்தப் பத்திரத்தைப் பொறுத்தவரை வேலியே எல்லையாகிவிடுகிறது. பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டால், பொதுவாக நீதிமன்றங்கள் நான்கெல்லையையே பெரிதாக எடுத்துக்கொள்ளும். இதனால்தான் பத்திரத்தைப் படிக்காமல் வேலியைப் பற்றி வாய் திறக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

காகிதம் ஒத்துவந்த பிறகு அளவைக்கு, அதாவது அத்துக் காட்டுவதற்கு, விண்ணப்பிக்கலாம். இப்போது இணைய வழியிலேயே கட்டணம் செலுத்தி மனுச் செய்ய முடிகிறது. பக்கத்து நிலக்காரருக்கு அறிவிப்புப் போகும். அவர் முன்னிலையில் அளவர் கல்லைக் காட்டுவார். பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்து, உங்கள் பங்கு தனி உட்பிரிவாகப் பிரிக்கப்படாமல் இருந்தால், காட்டுவதற்குப் படத்தில் கோடே இருக்காது. முதலில் உட்பிரிவு செய்ய வேண்டும். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திருத்தத்தின்போது விழுந்த பிழைகள் இன்னும் பல ஊர்களில் பட்டாவில் இருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். அளவரால் எல்லையைக் காட்டத்தான் முடியும்; யாருடைய வேலியையும் பிடுங்க அவருக்கு அதிகாரம் இல்லை. அளந்த பிறகும் பக்கத்துக்காரர் வேலியை எடுக்க மறுத்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அங்கே வெறும் தடையாணை கேட்பது போதாது. உரிமையிலேயே சிக்கல் இருந்தால் விளம்புகைப் பரிகாரமும், அதாவது நிலம் தமக்கே உரியது என்ற அறிவிப்பும், கேட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அளவரோடு அனுப்பி அறிக்கை வாங்கும். சும்மா விட்டுவிடலாம் என்றும் நினைக்கக்கூடாது. பிறர் நிலம் என்று தெரிந்தே, தம்முடையதாகச் சொல்லிக்கொண்டு, வெளிப்படையாகப் பன்னிரண்டு ஆண்டுகள் அனுபவித்தவர் எதிரிடை அனுபவம் என்று வாதாட இடம் கிடைத்துவிடும். அதே சமயம், இரவோடு இரவாகக் கல்காலைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

சரி, நாய்க்கு வருவோம். காவல் நிலையத்தில் ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரே மனுவில் வேலியையும் நாயையும் சேர்த்து எழுதியிருப்பார். வேலி என்ற சொல்லைப் பார்த்தவுடன் எழுத்தர் "சிவில்" என்று முடிவு கட்டிவிடுவார். நாயும் அதோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போய்விடும். இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். நாயைப் பற்றிய மனுவில் வேலியைப் பற்றி ஓர் எழுத்தும் இருக்கக்கூடாது. எந்தத் தேதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை குரைத்தன என்று சில வாரங்களுக்குக் குறிப்பு எழுதி வைத்து அதை இணைக்க வேண்டும். கூடவே சுற்றியிருக்கும் வேறு வீட்டுக்காரர்களின் கையெழுத்தும் வேண்டும். இந்தக் கையெழுத்து மரியாதைக்காக அல்ல. பொதுத் தொல்லை என்பதைப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 270ஆம் பிரிவு, பொதுமக்களுக்கோ அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களுக்குப் பொதுவாகவோ ஏற்படும் தொல்லை என்றுதான் வரையறுக்கிறது. ஒரு வீட்டின் தூக்கம் மட்டும் கெட்டால் அது அந்தப் பிரிவுக்குள் வருவது கடினம். அப்படி வந்தாலும் 292ஆம் பிரிவில் அபராதம் 1,000 ரூபாய் வரைதான். நாய் கடிக்கப் பாய்கிறது, உரிமையாளர் கவனமில்லாமல் அவிழ்த்துவிடுகிறார் என்றால் 291ஆம் பிரிவு வரும். அதில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. மனுக் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் அளவு என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள், அளவு உண்மைதான். ஆனால் அந்த விதிகள் ஒலிபெருக்கியையும் வெடியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நாயைப் பற்றிய மனு முழுவதையும் அதன் மேல் ஏற்றிவைப்பது வீண்.

இந்த நாய்கள் ஏன் இப்படிக் குரைக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கிளுவை வேலி இருந்தவரை அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. இப்போது கம்பிவலை, எல்லாமே தெரிகிறது. அம்மையார் விடியுமுன் பால் கறக்கத் தொழுவத்துக்குப் போகிறார், நாய் குரைக்கிறது, அவர் வேலையை முடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். தான் குரைத்ததால்தான் ஆள் விலகினார் என்று நாய் கற்றுக்கொள்கிறது. நாள்தோறும் அந்தப் பாடம் உறுதியாகிக்கொண்டே போகிறது. அதிலும் கட்டிப்போட்ட நாய்க்கு விலகிப் போக வழி இல்லை. குரைப்பது ஒன்றே அதனால் முடியும். எனவே தம் பக்கத்தில், தம் நிலத்துக்குள் என்று ஐயமில்லாத இடத்தில் கால் ஊன்றி, ஆள் உயரத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டியோ பச்சை நிழல்வலையோ கட்டிவிடலாம். பார்வை மறைந்தால் குரைப்பில் பெரும்பகுதி குறையும். இதற்கு யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை. வேலியையும் நாயையும் பிரியுங்கள் என்று சொன்ன நானே இரண்டையும் சேர்த்துவிட்டேன் என்று கருத்தில் எழுதுவீர்கள், எழுதுங்கள். மனுவில்தான் பிரிக்கச் சொன்னேன்.

நாய்களைக் களத்தின் மறுபக்கத்துக்கு மாற்றிக் கட்டும்படி பக்கத்துக்காரரிடம் கேட்கலாம். கேட்பது அந்த அம்மையாராக இருக்க வேண்டியதில்லை. இரு வீட்டுக்கும் வேண்டிய பங்காளியோ பெரியவரோ கேட்டால் நல்லது. நாயை எந்நேரமும் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும், கட்டிவைத்த நாயை நடக்கவிடாமல் வைத்திருப்பதும் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. அதை மிரட்டலாகச் சொல்லாமல் செய்தியாகச் சொன்னாலே போதும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இதே போன்ற கேள்விக்கு முன்பு ஒருவர் "ஏதாவது வைத்துவிடலாமா" என்று கேட்டிருந்தார். விலங்கை நஞ்சிட்டுக் கொல்வதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

உண்மையில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பக்கத்துக்காரரோடு நல்ல உறவு இருக்கும்போதே எல்லையை அளந்து வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் அது. "எதுக்குங்க வம்பு, அவர் என்ன நினைப்பாரு" என்று தள்ளிப்போடுகிறார்கள். இருவரும் சேர்ந்து ஒரே நாளில் விண்ணப்பித்து, கல்லைத் தோண்டிப் பார்த்து, காணாமல்போன இடத்தில் புதுக்கல் நட்டு, இரு வீட்டுப் பிள்ளைகளையும் அருகில் நிற்கவைத்துப் படம் பிடித்துக்கொண்டால், அதன் பிறகு ஒருவர் கம்பிவலை கட்டட்டும், மற்றவர் மதில் எழுப்பட்டும், எல்லை எது என்று பேச்சே வராது. நகரத்திலும் இதேதான். 2,400 சதுர அடி மனையில் ஒன்பது அங்குலச் சுவர் யாருடைய மண்ணில் நிற்கிறது என்று தெரியாமல் வீடு கட்டிக் குடியேறி, பத்தாண்டு கழித்து மாடி எழுப்பும் நாளில் சண்டை போடுகிறார்கள்.

இந்த அம்மையாருக்கு அந்தக் காலம் கடந்துவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவருக்கே சந்தேகம் இருக்கிறது என்றால், பக்கத்துக்காரருக்கும் இருக்கலாம். ஆக்கிரமிப்பு என்று எழுதாமல், "இருவருக்கும் தெளிவாகட்டும், சேர்ந்து அளந்து பார்ப்போம், கட்டணத்தை நானே கட்டுகிறேன்" என்று அந்தப் பெரியவர் மூலமாகவே சொல்லி அனுப்பலாம். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் வழக்குத் தொடுப்பதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேச வைப்பார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது, கட்டணமும் இல்லை. கற்கள் கிடைத்தால் அவற்றின் படத்தையும் புலப்படத்தின் நகலையும் எனக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்பினால், அடுத்த பகுதியில் அந்தப் படத்தை வைத்தே, காணாமல்போன கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்குகிறேன்.