டிக்கெட் இல்லாத பந்தயமும் கட்ட முடியாத பிரீமியமும்

(மோட்டார் சைக்கிள் ஆர்வலர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பைக் பந்தயம் பற்றிப் பேச்சு என்று நம்பி வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று பாதி நேரம் இன்சூரன்ஸ் பற்றித்தான் பேசப்போகிறேன். எழுந்து போகிறவர்கள் இப்போதே போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2023 பிப்ரவரியில் வட அயர்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கு அனுமதி வழங்கும் அமைப்பு, மோட்டார் சைக்கிள் யூனியன் ஆஃப் அயர்லாந்தின் அல்ஸ்டர் மையம். இந்த வருஷம் யாருக்கும் அனுமதி இல்லை என்று அது கைவிரித்துவிட்டது. விபத்தோ தடைச் சட்டமோ காரணமில்லை. காப்பீட்டுக்கு வந்த கொட்டேஷன் முந்தைய வருஷத்தைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நார்த் வெஸ்ட் 200 என்ற உலகப் புகழ் பெற்ற பந்தயமும் அந்த அறிவிப்பில் அடிபட்டது. மேடு பள்ளமான மண் தடத்தில் ஓட்டுகிற மோட்டோகிராஸ், ட்ரயல்ஸ் எல்லாம் கூடவே போயின. ட்ரயல்ஸ் என்றால் பாறை மேலும் மரக்கட்டை மேலும் கால் ஊன்றாமல் மெதுவாக ஓட்டுகிற போட்டி. அதில் வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதுவும் நின்றது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நம்மில் மூத்தவர்களுக்குச் சோழவரம் நினைவிருக்கும். அது பழைய விமான ஓடுதளம். இருங்காட்டுக்கோட்டையோ பந்தயத்துக்கென்றே கட்டிய தடம். இரண்டிலும் எல்லை உண்டு, கேட் உண்டு. அயர்லாந்துக்காரர்கள் 'ரோட் ரேஸிங்' என்று சொல்வது இதை இல்லை. நிஜமான ஊர்ச் சாலையில், காலையில் பால் டேங்கர் போன அதே தாரில், சில மணி நேரம் போக்குவரத்தை அடைத்துவிட்டு ஓட்டுவது. மின்கம்பத்தைச் சுற்றி வைக்கோல் கட்டும் மெத்தையும் கட்டியிருப்பார்கள். வளைவில் யாரோ ஒருவர் வீட்டு மதில் இருக்கும். சாலை நடுவில் பாதாளச் சாக்கடை மூடி இருக்கும், மழை பெய்தால் வழுக்குகிற வெள்ளைக் கோடு இருக்கும். நார்த் வெஸ்ட் 200 நடக்கும் போர்ட்ஸ்டூவர்ட், கோல்ரெய்ன், போர்ட்ரஷ் முக்கோணம் சுமார் 14 கிலோமீட்டர். அதன் நேர்ப்பாதைகளில் மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டிப் போகிறார்கள். பந்தயம் முடிந்ததும் சாலையைத் திறந்துவிடுவார்கள். அதே வளைவில் யாராவது காய்கறிப் பையோடு கார் ஓட்டிக்கொண்டு போவார்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதும் சட்டக் கதைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் பொதுச் சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது, பந்தயம் கூடவே கூடாது. 1903-இல் கோர்டன் பென்னட் கார் பந்தயத்துக்காகத் தனிச் சட்டம் போட்டு அயர்லாந்தில் நடத்தினார்கள். மறு வருஷம், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கிற மான் தீவு தன் சட்டசபையில் சாலையை மூட வழி செய்தது. 1907-இல் அங்கே டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) பந்தயம் பிறந்தது. வட அயர்லாந்தும் பிற்பாடு தனக்கென்று சட்டம் வைத்துக்கொண்டது. குக்ஸ்டவுன் 100, அல்ஸ்டர் கிராண்ட் பிரீ இரண்டும் 1922-இல் தொடங்கியவை. நார்த் வெஸ்ட் 1929.

ஆபத்தை மறைத்துப் பேச நான் வரவில்லை. பாலிமணி என்ற சிற்றூர்க்காரர் ஜோயி டன்லப் டி.டி.யில் 26 முறை ஜெயித்தவர். 2000-இல் எஸ்டோனியாவின் தாலின் நகரில் சாலைப் பந்தயத்திலேயே இறந்தார். தம்பி ராபர்ட் 2008-இல் நார்த் வெஸ்ட் பயிற்சி ஓட்டத்தில் போனார். ராபர்ட்டின் மகன் வில்லியம் 2018-இல் ஸ்கெரீஸ் என்ற அயர்லாந்து ஊரின் சாலைப் பந்தயத்தில். இன்னொரு மகன் மைக்கேல் இன்றும் ஓட்டுகிறார். 2024-இல் பெரியப்பாவின் சாதனையையே கடந்துவிட்டார். 2022 டி.டி.யில் மட்டும் ஆறு பேர் இறந்தார்கள். ஒரே குடும்பத்தில் மூன்று சாவு என்று கேட்டதும் "இதை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள்" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

ஆனால் 2023-இல் எகிறிய பிரீமியம் ஓட்டுநர் உயிருக்கான பிரீமியம் இல்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஓட்டுநர் தன் ஆபத்தைத் தானே ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டுத்தான் வண்டியில் ஏறுகிறார். இங்கே பேச்சு பொதுப் பொறுப்புக் காப்பீடு பற்றி. நம் வண்டிக்கு எடுக்கிற தேர்ட் பார்ட்டி மாதிரி, மற்றவர்களுக்கு நேர்வதற்கான காப்பீடு. வேலி ஓரம் நிற்கிற பார்வையாளர், கொடி பிடிக்கிற தொண்டர், மதில் இடிந்த வீட்டுக்காரர், இவர்களுக்காக. 2007-இல் மான் தீவில் சீனியர் டி.டி. பந்தயத்தின்போது ஒரு வண்டி சாலையை விட்டு விலகியதில் ஓட்டுநரோடு பார்வையாளர்கள் இருவரும் இறந்தார்கள். காப்பீட்டுக்காரர் மனதில் ஓடுவது இந்த மாதிரிக் காட்சிதான். வருஷக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் இருக்கும். நடந்தால் ஒரே நாளில் பல வருஷப் பிரீமியத்தைத் தின்றுவிடும்.

அதைவிட அவர் பயப்படுவது, சாகாமல் படுக்கையில் விழுந்தவரின் வழக்கு. இங்கே ஒரு கணக்குச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 40 வருஷம், வருஷத்துக்கு ஒரு லட்சம் பவுண்டு பராமரிப்புச் செலவு ஆகும் என்று வையுங்கள். நீதிமன்றம் அதை மொத்தமாக இன்றே கொடுக்கச் சொல்லும். அந்தப் பணத்தை முதலீடு செய்தால் விலைவாசி போக எவ்வளவு வளரும் என்று சட்டம் ஒரு விகிதம் வைத்திருக்கும், அதற்கேற்பத் தொகையைக் குறைப்பார்கள். வட அயர்லாந்தில் அந்த விகிதம் வெகுகாலம் 2.5 சதவீதமாக இருந்தது. 2021-இல் கழித்தல் 1.75 ஆக்கினார்கள், 2022-இல் கழித்தல் 1.5. அதாவது பணம் வளராது, விலைவாசியில் தேயும் என்று எடுத்துக்கொண்டார்கள். பழைய விகிதத்தில் நம் உதாரணத்துக்குச் சுமார் 25 லட்சம் பவுண்டு போதும். 2022-இன் விகிதத்தில் 55 லட்சம் ஆனது. காயம் அதே காயம், வளைவும் அதே வளைவு. பாதிக்கப்பட்டவர் பக்கம் பார்த்தால் இந்த மாற்றம் சரிதான் என்பேன், பணம் பாதியில் தீர்ந்து அவர் தெருவுக்கு வரக் கூடாது. ஆனால் ஒரு விளையாட்டு மன்றத்தின் பிரீமியம் ஏன் திடீரென்று எகிறியது என்று கேட்டால், இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

சரி, செலவு கூடினால் டிக்கெட் விலையைக் கூட்டலாமே? இங்கேதான் சிக்கல். டிக்கெட்டே கிடையாது. பொதுச் சாலைக்கு ஏது கேட்? சனம் வயல் வரப்பில், புல்வேலி ஓரத்தில், தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு இலவசமாகப் பார்க்கிறது. மன்றத்துக்கு வருமானம் நிகழ்ச்சி நிரல் புத்தகம் விற்பது, மேடை இருக்கை கொஞ்சம், விளம்பரதாரர், உள்ளூராட்சி தருகிற உதவி. வேலை செய்கிறவர்கள் எல்லாம் தொண்டர்கள். ஜான் ஹைண்ட்ஸ் என்ற மயக்கவியல் மருத்துவர் சொந்த பைக்கில் மருந்துப் பையோடு பந்தயத்தின் பின்னாலேயே ஓட்டுவார், யாராவது விழுந்தால் அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பார். 2015-இல் ஸ்கெரீஸில் அப்படிப் பணியில் இருந்தபோதே விபத்தில் இறந்தார். வட அயர்லாந்துக்கு ஒரு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் வேண்டும் என்று அவர் போராடியது 2017-இல் நிறைவேறியது. இப்படிப்பட்டவர்களை நம்பி நடக்கிற விளையாட்டில் பிரீமியம் மூன்று மடங்கானால் அதை யார் தலையில் கட்டுவது?

இப்போது ட்ரயல்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். எல்லா மன்றங்களுக்கும் சேர்த்து அமைப்பு ஒரே பாலிசி எடுக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து வாடகை வேன் பிடிப்பது போலத்தான். இரண்டு பேர் கழன்றுகொண்டால் மிச்ச எட்டுப் பேர் தலையில் வாடகை ஏறும். வாடகை ஏறினால் இன்னும் இருவர் கழல்வார்கள். பெரிய பந்தயம் தனக்கென்று விளம்பரதாரரைப் பிடித்துத் தப்பித்துவிடும். நார்த் வெஸ்ட் அந்த வருஷம் மே மாதமே நடந்தது. அடிபடுவது கிராமத்து மன்றங்கள். ஆனால் டி.டி.யில் ஜெயிக்கிற ஆள் நேராக டி.டி.க்கு வருவதில்லை. ஜோயி டன்லப் பழகியது இந்தச் சின்னச் சாலைகளில். அவற்றை ஒவ்வொன்றாக மூடிவிட்டால், பழக்கமில்லாத ஆட்கள் நேராகப் பெரிய சாலையில் இறங்குவார்கள். காப்பீட்டுக்காரருக்கே அது நல்லதில்லை என்பேன், அவர் ஒத்துக்கொள்வாரா தெரியாது.

அல்ஸ்டர் கிராண்ட் பிரீயைப் பாருங்கள். 2019-இல் டண்ட்ராட் சாலையில் பீட்டர் ஹிக்மன் சராசரி மணிக்கு 136.415 மைல் வேகத்தில் ஒரு சுற்று ஓட்டினார். 'உலகின் அதிவேகச் சாலைப் பந்தயம்' என்று விளம்பரம் செய்தார்கள், பொய்யில்லை. அடுத்த வருஷம் பந்தயம் இல்லை. மன்றம் கடனில் மூழ்கியிருந்தது. அங்கே பிரீமியம் ஒன்றே குற்றவாளி என்று சொன்னால் அது தவறு, ஆனால் விளிம்பில் நிற்கிற மன்றத்துக்கு ஒரு பெரிய பில் போதும்.

காப்பீட்டுச் செலவை அரசால் ஒன்றும் செய்ய முடியாது என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஸ்லோவேனியாவில் ஒரு பண்ணையில் டிராக்டர் பின்னோக்கி வந்து இடித்து, ஏணியிலிருந்து ஒரு தொழிலாளி விழுந்தார். 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வழக்கில், தனியார் இடத்தில் ஓடுகிற வண்டிக்கும் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. வ்னுக் தீர்ப்பு என்பார்கள். அப்படியே விட்டிருந்தால் பந்தயத் தடத்தில் ஒரு வண்டி இன்னொன்றை உரசுவதும் கட்டாயக் காப்பீட்டுக்குள் வந்திருக்கும். பிரிட்டன் அரசு தன் நாட்டு மோட்டார் விளையாட்டுக்கு மட்டும் அது வருஷத்துக்கு 45 கோடி பவுண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டு, 2022-இல் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பை நீக்கியது. மனசு வைத்தால் முடியும்.

அதே அரசு பயங்கரவாதச் சேதத்துக்கு 1993-இல் பூல் ரீ, வெள்ளத்துக்கு 2016-இல் ஃப்ளட் ரீ என்று பொது நிதியங்கள் உருவாக உதவியது. தனியார் கம்பெனி தாங்க முடியாத அரிய பெரிய இழப்பைப் பகிர்ந்துகொள்கிற ஏற்பாடு அவை. சாலைப் பந்தயத்துக்கும் ஒரு சின்ன நிதியம் கேட்கலாம். பதிலுக்கு மன்றங்கள் சில கசப்பான விஷயங்களுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். வளைவின் வெளிப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது, அது நாலு தலைமுறையாகத் தாத்தா நின்ற இடமாக இருந்தாலும் சரி. தடை செய்த இடத்தில் ஆள் நின்றால் பந்தயத்தை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சறுக்கலையும் எழுதி வைத்துக் காப்பீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும். கணக்கு இல்லாத இடத்தில் அவர் பயத்துக்கு விலை போடுகிறார்.

ஒரு தம்பி முன்னாலேயே சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "வரிப்பணத்தில் இவர்கள் செத்துப்போக உதவ வேண்டுமா?" தம்பி, மக்கள் சபையில் விவாதித்து, இந்த விளையாட்டு வேண்டாம் என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்தால் நான் வருத்தப்பட்டாலும் ஏற்பேன். எங்கோ ஒரு காப்பீட்டுக்காரர் மேசையில் வந்த எண்ணைப் பார்த்து நூறு வருஷப் பந்தயம் நிற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இதில் உங்களுக்கு மறுப்பு இருக்கும் என்று தெரியும். மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள், கேட்போம்.