முதல் சம்பளத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

(அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது. பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி.

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஒன்பது வருஷம் கல்விக்கடன் மேசையில் உட்கார்ந்திருந்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் பி.எஸ்சி. நர்சிங்குக்குக் கடன் கேட்டு வரிசை நிற்கும். வருகிற அப்பாக்களில் பாதிப் பேர், "படிச்சு முடிச்சா ஜெர்மனியில லட்சக்கணக்குல சம்பளமாமே சார்?" என்பார்கள். மாதத் தவணை எவ்வளவு வரும் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அரசு கல்லூரியில் இடம் கிடைத்தவர்கள் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம். அங்கே கட்டணம் மிகக் குறைவு, கடனே தேவைப்படாது. நம் மாநிலத்தில் இந்தப் படிப்புக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். ஆனால் இடங்கள் கொஞ்சம். மற்றவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு வருஷத்துக்கு நாலு லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நாலு வருஷமும் அதற்கப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் வேண்டாம், வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. ஆக 1,40,000. நாலு லட்சம் வாங்கிய பிள்ளை ஐந்தே கால் லட்சத்துக்கு மேல், சரியாகச் சொன்னால் 5,40,000 ரூபாய்க் கடனோடுதான் தவணையைத் தொடங்குகிறாள். ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 8,965 ரூபாய்.

இப்போது சம்பளம். நம் பக்கத்து ஊர்களில் தனியார் மருத்துவமனை புதிதாக வரும் நர்ஸுக்குக் கொடுப்பது பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம். 14,000 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பி.எஃப். 1,680, ஈ.எஸ்.ஐ. 105 போனால் கைக்கு 12,215. தவணையைக் கட்டினால் மிச்சம் 3,250. இதில்தான் சாப்பாடு, ஹாஸ்டல் வாடகை, நைட் டியூட்டி முடிந்து வரும் ஆட்டோ எல்லாம். பதினைந்து வருஷத் தவணை வாங்கினால் மாதம் 5,800 ஆகக் குறையும். ஆனால் கட்டி முடிக்கும்போது பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

ஒரு பெண் முதல் சம்பளச் சீட்டோடு என் மேசைக்கு வந்தாள். சீட்டைக் காட்டிவிட்டு ஒன்றும் பேசவில்லை. கூட வந்த அம்மாதான், "இதுல எதை சார் கட்டுறது?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்துதான் கடன் கொடுக்கும் முன்பே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன்.

2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனைகூட நர்ஸுக்கு 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸுகள் போராடி 2018-இல் அதை அரசாணையாகவே வாங்கினார்கள். இங்கே அந்தப் பரிந்துரையை நேர்காணலில் எடுத்து நீட்டினால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

அரசு வேலை? எய்ம்ஸில் தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900. ஆனால் அகில இந்தியத் தேர்வு, கடும் போட்டி. நம் மாநிலத்தில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுத்த ஒப்பந்த நர்ஸுகளுக்குத் தொகுப்பூதியம் 7,700. அப்புறம் 14,000, 18,000 என்று ஏறியது. தேர்வெழுதி வென்றவர்களின் கதை அது. ஆகவே அரசு வேலையை நம்பித் தவணை முடிவு செய்யாதீர்கள். கிடைத்தால் கடனைச் சீக்கிரம் அடைப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடும் அப்படித்தான். ஜெர்மனிக்குப் பொதுவாக பி2 நிலை வரை, அதாவது சரளமாகப் பேசும் அளவுக்கு, ஜெர்மன் மொழி படிக்க வேண்டும். அந்த மாதங்களில் வருமானம் இருக்காது, வங்கித் தவணை இருக்கும். ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்கிறான் என்று இரண்டாவது கடன் வாங்கிய வீடுகளை எனக்குத் தெரியும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்ப, தமிழக அரசே ஓ.எம்.சி.எல். என்ற நிறுவனத்தை 1978 முதல் நடத்துகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

சரி, கடனைக் குறைக்க வழி? குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், நான் சொன்ன ஐந்து வருஷ வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் இருக்கிறது. அப்போது தவணை 8,965-இலிருந்து 6,640 ஆகிவிடும். வருமானச் சான்றிதழைத் தாமதமாகக் கொடுத்து இதைத் தவறவிட்டவர்கள் ஏராளம். மானியம் கிடைக்காதவர்கள் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டுங்கள். ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 833 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வருகிறதே, முதல் வருஷத்துக்கு அதுவே போதும். இப்படிக் கட்டி வந்தால் வங்கி வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை தள்ளுபடியும் தரலாம். மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இன்னொரு வழியை யாரும் மதிப்பதில்லை. மூன்று வருஷ டிப்ளமோ நர்சிங். முடித்து வேலைக்குப் போய், கையில் காசு சேர்ந்த பிறகு டிப்ளமோ முடித்தவர்களுக்கான இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் அதுவும் பி.எஸ்சி. நர்சிங் பட்டம்தான். "டிப்ளமோவா?" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். தவணை கட்டப் போவது அவர்கள் இல்லை.

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில் காலை பத்து மணிக்குப் போய், கல்லூரிக்கு ஆஸ்பத்திரி இருக்கிறதா, அதன் கட்டிலில் நோயாளி இருக்கிறாரா என்று எட்டிப் பாருங்கள். காலிக் கட்டிலில் ஊசி போடக் கற்ற பிள்ளைக்குப் பெரிய மருத்துவமனைகள் வேலை கொடுக்கத் தயங்கும். அசல் சான்றிதழை யார் வைத்திருப்பார்கள் என்றும் கேளுங்கள். என் அக்கா மகள் ஓரிடத்தில் அதைத் திரும்ப வாங்க எட்டு மாதம் நடந்தாள்.

முன்வரிசையில் ஒரு பாப்பா அப்போதிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறது. "அப்போ படிக்கலாமா, வேணாமா சார்?" என்றுதானே? படிம்மா. தவணை கைக்கு வரும் முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத மாதிரிக் கடன் வாங்கிப் படி. வெளியே வேப்பமரத்தடியில் மேசை போட்டிருக்கிறோம். கல்லூரி கொடுத்த கட்டணத் தாளையும் அப்பாவின் வருமானச் சான்றிதழையும் கொண்டுவந்தவர்கள் அங்கே வாருங்கள், கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது.