கொழுந்து பறிக்கும் கை எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

(கோத்தகிரியில் பொருளியல் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பு மாணவர்களே, உங்களில் பாதிப் பேராவது தேயிலை வீட்டுப் பிள்ளைகளாக இருப்பீர்கள். அதனால் நீலகிரி எண்களையே எடுத்துக்கொள்கிறேன்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011-இல் 7,35,394 பேர். அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 விழுக்காடு கூடியது. சுருங்கியது நம் மாவட்டம் ஒன்றுதான்.

26,747 பேர் குறைந்திருக்கிறார்கள். இடையில் இங்கே குழந்தைகளும் பிறந்துகொண்டுதானே இருந்தன? அப்படியென்றால் மலையிறங்கியவர்கள் இந்த எண்ணிக்கையை விட அதிகம். யார் அவர்கள்? 2001-இல் ஆயிரம் ஆண்களுக்கு 1,014 பெண்கள் இருந்தார்கள். 2011-இல் அது 1,042. ஆண்கள்தான் கூடுதலாகப் போயிருக்கிறார்கள் என்று நான் இதைப் படிக்கிறேன்.

ஏன் போனார்கள் என்பதற்கு அட்டவணையை விட உங்கள் தாத்தாவிடம் நல்ல பதில் கிடைக்கும். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்ததை அவர் மறந்திருக்க மாட்டார். கீழே கோவையும் திருப்பூரும் ஆள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. இன்றைய திருப்பூர் மாவட்ட எல்லைக்குள் அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை சுமார் 29 விழுக்காடு கூடியது.

சரி, இங்கேயே இருப்பவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்? இந்த இடத்தில்தான் நானே ஏமாந்தேன். கணக்கெடுப்பின் அடிப்படை அட்டவணையில் வேலை செய்வோருக்கு நான்கு கட்டங்கள்: பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர், பிறர். நீலகிரியில் முதல் இரண்டையும் விடக் கடைசிக் கட்டம்தான் பெரிது. 'இங்கே விவசாயம் போய்விட்டது, எல்லாரும் கடை, சுற்றுலா, அரசு வேலை என்று மாறிவிட்டார்கள்' என்று எழுதியும் வைத்துவிட்டேன். அப்புறம்தான் விளக்கக் குறிப்பைப் படித்தேன். தேயிலை, காபி, ரப்பர், தென்னை, பாக்கு ஆகியவை அந்த வரையறைப்படி 'பயிரிடுதல்' ஆகாது. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்ணும், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயியும், ஊட்டியில் வங்கிக் கிளை மேலாளரும் ஒரே 'பிறர்' கட்டத்தில் நிற்கிறார்கள்! அதே ஊரில் கேரட் போடுபவர் மட்டும் பயிரிடுவோர். இது தெரியாமல் நீலகிரிப் பொருளாதாரம் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். தொழில்வாரியாக இன்னும் நுணுக்கமாகப் பிரித்த அட்டவணைகள் தனியாக வருகின்றன. அவற்றைத் தேடிப் போங்கள்.

2011-இல் கணக்கெடுப்பாளராக நானும் வீடு வீடாகப் போனேன். எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடு ஒன்றில் ஒரு அம்மா, "என் மகனையும் எழுதுங்க சார், பொங்கலுக்குக்கூட வந்துட்டுத்தானே போனான்" என்றார். விதி வேறு. பிப்ரவரி 9 முதல் 28 வரை ஒரு நாள்கூட வீட்டில் இல்லாதவரை அங்கே எழுதக் கூடாது. திருப்பூரில் அவன் தங்கியிருக்கும் அறையில் எழுதிக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தாயின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இடம்பெயர்ந்த காரணத்தையும் அந்தப் படிவம் கேட்கிறது: வேலை, வியாபாரம், படிப்பு, திருமணம், குடும்பத்தோடு வந்தது என்று. ஒருவருக்கு ஒரு காரணம்தான். கணவனோடு திருப்பூர் போய் மறுவாரமே பனியன் கம்பெனியில் சேரும் பெண் 'திருமணம்' என்றோ 'குடும்பத்தோடு' என்றோதான் பதிவாவாள். பெண்கள் வேலைக்காக இடம்பெயர்வதில்லை என்று இதை வைத்து யாராவது பேசினால் மறுத்துப் பேசுங்கள்.

வருமானம் எவ்வளவு என்று கணக்கெடுப்பு கேட்பதில்லை. ஆனால் வீட்டுப் பட்டியல் எடுக்கும்போது சமையல் எரிபொருள், கழிப்பறை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, டிவி, ஸ்கூட்டர் எல்லாம் கேட்கிறார்கள். ஓர் ஊரின் வசதியை அதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

அடுத்த கணக்கெடுப்புக்காக 2027 பிப்ரவரியில் உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், "வீட்டில்தான் இருக்காங்க" என்று வாசலில் நின்றபடி சொல்லிவிடாதீர்கள். சொந்தத் தோட்டத்தில் கூலி வாங்காமல் கொழுந்து எடுப்பதும் கணக்கெடுப்பின் வரையறைப்படி வேலைதான். வருடத்தில் எத்தனை மாதம் எடுக்கிறார் என்று அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் ஒரு பட்டியல், கூடினால் இன்னொன்று.