சாக்கடைத் தண்ணியில வைரஸ் எத்தன நாள் தாங்கும்?

(காட்சி: கோவைக்குக் கிழக்கே நொய்யல். நுரையோடு ஓடும் தண்ணீர்.)

குரல்: ஊர்ச் சாக்கடையெல்லாம் இந்த ஆத்துலதானுங்க சேருது. கொரோனா, எபோலா மாதிரி வைரஸ் இதுல விழுந்தா உசுரோட இருக்குமா?

கொஞ்ச நேரம் இருக்கும். இந்த ரெண்டுக்கும் வெளியில கொழுப்பாலான ஒரு உறை உண்டு. சோப்புத் தண்ணி, வெயில், சாக்கடையில இருக்கிற மத்த கிருமிகன்னு எது பட்டாலும் அந்த உறை கிழிஞ்சுரும். 2015-ல கிருமி நீக்கின கழிவுநீர்ல எபோலாவை விட்டுப் பார்த்தாங்க. முதல் நாள்லயே 99 சதவீதம் செத்துருச்சு. மிச்சம் மட்டும் எட்டாம் நாள் வரைக்கும் தட்டுப்பட்டுது. கோவிட் சமயத்துல சாக்கடையில கொரோனா இருக்குதுன்னு செய்தி வந்துச்சுல்ல, அந்தச் சோதனையில தெரியறது வைரஸோட மரபணுத் துண்டு. அது இருந்தாலே வைரஸ் உசுரோட இருக்குதுன்னு ஆயிராது.

(காட்சி: குளியலறைத் தரை ஜாலி, நெருக்கத்தில்.)

ஒரு விதிவிலக்கு இருக்குது. 2003-ல ஹாங்காங்ல அமோய் கார்டன்ஸ்ங்கிற குடியிருப்புல 300 பேருக்கு மேல, கொரோனா குடும்பத்தைச் சேர்ந்த சார்ஸ் வந்துச்சு. இந்த ஜாலிக்குக் கீழ வளைஞ்ச குழாயில எப்பவும் தண்ணி நிக்கணும், அதுதான் சாக்கடைக் காத்தைத் தடுக்குது. அங்க பல வீட்டுல அது காஞ்சு கிடந்துச்சு. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் கிருமி கலந்த காத்து வீட்டுக்குள்ள ஏறியிருக்கும்னு விசாரணையில சொன்னாங்க. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தா, முதல் வேலையா ஜாலியில ரெண்டு மக்கு தண்ணி ஊத்திருங்க.

(காட்சி: தெருக்குழாய், பக்கத்திலேயே சாக்கடை.)

என்னக் கேட்டா, பயப்பட வேண்டியது கொழுப்பு உறை இல்லாத வைரஸுக்குத்தான். மஞ்சள் காமாலை தர்ற ஹெபடைடிஸ் ஏ, ஈ, அப்பறம் வயித்துப்போக்கு தர்ற ரோட்டா, நோரோ, கூடவே போலியோ. குளுந்த தண்ணியில இதுல சிலது வாரக்கணக்கா, மாசக்கணக்காக்கூட தாங்கும்.

1955 கடைசியில டெல்லியில யமுனையில சாக்கடை கலந்து, குடிநீர் எடுக்கிற இடத்துக்கே வந்துருச்சு. குளோரின் கலந்துதான் விட்டாங்க. ஆனாலும் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. டைஃபாய்டு மட்டும் அதிகமாகவே இல்ல! டைஃபாய்டு தர்ற பாக்டீரியாவைக் கொன்ன குளோரின், வைரஸ்கிட்டத் தோத்துப் போச்சு. அது ஹெபடைடிஸ் ஈ-ன்னு தெரிய அப்பறம் பல வருஷம் ஆச்சு. இப்ப நம்ம நாட்டுக் குடிநீர்த் தரத்துலயே, குழாய்முனையில லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருந்தாப் போதும். வைரஸைத் தடுக்கணும்னா 0.5 வேணும்னு இருக்குது.

நம்ம கோவைக்கு வர்ற சிறுவாணி, பில்லூர்த் தண்ணி மலையிலிருந்து வர்றதுதான். கோளாறு வழியில. நல்ல தண்ணி நாள் விட்டு நாள் வர்ற ஊருல, இடையில குழாய் காலியாக் கிடக்குது. விரிசல் இருந்தா பக்கத்துச் சாக்கடை உள்ள கசியும். போதாக்குறைக்கு, லைன்லயே மோட்டார் போட்டு உறிஞ்சுறவங்க வேற. குழாயில தண்ணி கம்மியா இருக்கையில மோட்டார் சாக்கடையையும் சேர்த்து இழுத்துரும். அவங்க வீட்டுத் தொட்டிக்கு மட்டுமில்ல, தெருவுக்கே.

அதனால முதல்ல கலங்கலா வர்றதைச் செடிக்கு விட்டுருங்க. குடிக்கிறதை நல்லாக் கொதிக்க விட்டு, அப்பறமும் ஒரு நிமிஷம் அடுப்புலயே வைங்க. வீட்டுல மாசமா இருக்கிறவங்க இருந்தா இதை விடவே கூடாதுங்க: கடைசி மூணு மாசத்துல ஹெபடைடிஸ் ஈ வந்தா, நூத்துல 20, 25 பேர் வரைக்கும் உசுருக்கே ஆபத்து.