ருசியைப் பற்றி வாயே திறக்காத பர்கர் விளம்பரம்

[திரையில்: ஆளில்லாத கூடைப்பந்து மைதானம்]

1993. அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் நடுவே ஒரு மெக்டொனால்ட்ஸ் விளம்பரம் ஓடுகிறது. கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் ஒரு பையோடு உள்ளே வருகிறார். பையில் பிக் மேக் பர்கர், ஃபிரைஸ். அதைப் பார்த்த இன்னொரு கூடைப்பந்து நட்சத்திரம் லேரி பேர்ட், "இதுக்காக ஒரு ஆட்டம் போடலாமா?" என்கிற மாதிரி கேட்கிறார். முதலில் குறி தவறுகிறவர், ஜெயித்தவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எறிகிற பந்தெல்லாம் கூடைக்குள் விழுகிறது, போட்டி முடிகிற பாடில்லை. கடைசியில் இருவரும் ஒரு வானளாவிய கட்டடத்தின் உச்சியில் நிற்கிறார்கள்!

இதில் பர்கரின் ருசியைப் பற்றியோ சத்தைப் பற்றியோ ஏதாவது சொன்னார்களா? இல்லை. இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் அதற்காகப் போட்டி போட்டார்கள், அவ்வளவுதான். "இது நல்ல உணவு" என்று யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அப்படியா என்று நாம் திருப்பிக் கேட்டிருப்போம். சொல்லாத ஒன்றை எப்படி மறுப்பது? இந்த விளம்பரங்களின் முழு பலமும் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

[திரையில்: ஸ்லோ மோஷனில் உருகி வழியும் சீஸ்]

படம், சத்தம் பற்றி உங்களுக்கே தெரியும். குளோசப், ஆவி, கடிக்கும்போது வரும் மொறுமொறு சத்தம். விளம்பரப் படத்துக்காகப் பர்கரை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று 2012-ல் மெக்டொனால்ட்ஸின் கனடா நிறுவனமே ஒரு வீடியோவில் காட்டியது. வெங்காயம், ஊறவைத்த வெள்ளரித் துண்டு எல்லாவற்றையும் கேமரா பார்க்கும் பக்கமாக நகர்த்தி வைக்கிறார்கள். கெட்சப்பை ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். கடையில் கொடுக்கும் அதே பொருள்கள்தான், ஆனால் அதையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் கொண்டுவந்து குவித்துவிடுகிறார்கள்.

சரி, மறுபடியும் பிரபலங்களிடம் வருவோம்.

2020 செப்டம்பரில் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் பெயரில் மெக்டொனால்ட்ஸில் ஒரு காம்போ வந்தது. பர்கர், ஃபிரைஸ், ஸ்பிரைட். எல்லாம் ஏற்கெனவே மெனுவில் இருந்தவை. மேலே ஒரு பெயர் ஏறியது, சில கிளைகளில் அந்தப் பர்கருக்கான பொருள்களே தட்டுப்பாடாகிவிட்டன. அடுத்த ஆண்டு கொரிய இசைக் குழு பி.டி.எஸ். பெயரில் இன்னொன்று. இந்தோனேசியாவில் கூட்டம் அலைமோதியதால் பல கிளைகளைத் தற்காலிகமாக மூட வேண்டி வந்தது, அதுவும் கொரோனா காலத்தில். குறைந்த நாள்தான் கிடைக்கும் என்ற அவசரமும், ரசிகர் கூட்டத்தில் நானும் ஒருவன் என்ற உணர்வும் சேர்ந்தால் பசிக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

[திரையில்: இரண்டு கிண்ணங்களில் சிப்ஸ்]

என்னை அதிகம் கவலைப்பட வைத்தது ஒரு பரிசோதனை. கேரி லினேக்கர், இங்கிலாந்தின் முன்னாள் கால்பந்து நட்சத்திரம். ஓய்வுக்குப் பிறகு 2025 வரை தொலைக்காட்சியில் கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்தார். கூடவே பல ஆண்டுகளாக வாக்கர்ஸ் சிப்ஸின் விளம்பர முகம். லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 முதல் 11 வயதுள்ள பிள்ளைகளைப் பிரித்து, சிலருக்கு அவருடைய சிப்ஸ் விளம்பரத்தைக் காட்டினார்கள், வேறு சிலருக்கு வேறு விளம்பரங்களை. இன்னும் சிலருக்கு விளம்பரமே இல்லை, அவர் கால்பந்து நிகழ்ச்சி நடத்தும் காட்சி மட்டும்.

பிறகு இரண்டு கிண்ணங்களை முன்னால் வைத்தார்கள். ஒன்றில் வாக்கர்ஸ் என்ற பெயர், இன்னொன்றில் சாதாரண சூப்பர்மார்க்கெட் சிப்ஸ் என்ற பெயர். இரண்டிலும் இருந்தது ஒரே சிப்ஸ்தான். சிப்ஸ் விளம்பரத்தைப் பார்த்த பிள்ளைகள் வாக்கர்ஸ் கிண்ணத்திலிருந்து அதிகம் எடுத்துச் சாப்பிட்டார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கால்பந்து நிகழ்ச்சியை மட்டும் பார்த்த பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். 2013-ல் வெளியான முடிவு இது.

யோசித்துப் பாருங்கள். அந்த முகமே விளம்பரமாகிவிட்டது. நிறுவனம் காசு கொடுத்து வாங்காத நேரத்திலும், அவர் கோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதும், பிள்ளைகளின் மனதில் சிப்ஸ் வந்து நிற்கிறது. "பெற்றோர் டிவியை நிறுத்திவிட வேண்டியதுதானே" என்று சொல்கிறவர்கள் இந்த முடிவைப் படிக்க வேண்டும். எதை நிறுத்துவது, கால்பந்தையா?

[திரையில்: இரவு 9 மணி காட்டும் கடிகாரம்]

அரசுகள் சும்மா இருக்கவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் 1980 முதலே, 13 வயதுக்குக் குறைந்தவர்களைக் குறிவைக்கும் வணிக விளம்பரங்களைத் தடை செய்திருக்கிறது. பிரிட்டனில் 2026 ஜனவரி 5 முதல், கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள உணவுகளை இரவு 9 மணிக்கு முன் டிவியில் விளம்பரம் செய்யக் கூடாது. நல்ல சட்டம், நான் வரவேற்கிறேன். ஆனால் அதில் ஒரு விலக்கு இருக்கிறது. குறிப்பிட்ட உணவு எதையும் அடையாளம் காட்டாமல் பிராண்டை மட்டும் விளம்பரம் செய்தால் தடை இல்லை. ஒரு லோகோ, ஒரு பாட்டு, பிள்ளைகளுக்குப் பிடித்த ஒரு முகம் போதும். லிவர்பூலில் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிய கால்பந்து காட்சியிலும் சிப்ஸ் பாக்கெட் இருக்கவில்லை.